நேரக் கணக்கா, தெம்புக் கணக்கா?

ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாடு போதாதென்று, பர்ன்அவுட் என்னும் முற்றிலும் சோர்ந்துபோகும் நிலையும் வந்து சேர்ந்த பிறகு மூன்று விதமாகத் திட்டம் போட்டுப் பார்த்தேன்: காலண்டரில் மணிவாரியாகக் கட்டம் கட்டும் டைம் பிளாக்கிங், ஸ்பூன் கணக்கு, தெம்புப் பட்டியல். இப்போது கையில் நிற்பது கடைசி ஒன்றுதான். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

டைம் பிளாக்கிங் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவரைப் பார்க்கும் நேரம், கெடு தேதி இதற்கெல்லாம் அதை விட்டால் வழி கிடையாது.

ஸ்பூன் கணக்கு, லூபஸ் என்ற நாட்பட்ட நோயோடு வாழும் கிறிஸ்டின் மிசெராண்டினோ 2003-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. ஒரு நாளைக்கான தெம்பு இவ்வளவுதான் என்று தோழியின் கையில் 12 ஸ்பூன்களைக் கொடுத்து, குளித்ததற்கு ஒன்று, உடுத்தியதற்கு ஒன்று என்று திரும்ப வாங்கிக் காட்டினார். வீட்டில் இருப்பவர்களுக்கு நம் நிலையைப் புரியவைக்க அருமையான வழி. "இன்னைக்கு ரெண்டு ஸ்பூன்தான் மிச்சம்" என்றால் மேலே யாரும் கேட்பதில்லை. ஆனால் அதை வைத்துத் திட்டம் போட எனக்கு வரவில்லை. எண்ணி முடிப்பதற்குள்ளேயே ஒன்று செலவாகிவிடுகிறது.

தெம்புப் பட்டியல் என்பது ஓர் அட்டை, அதில் மூன்று பத்தி. 'படுத்தபடியே': பில் கட்டுவது, மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புவது. 'உட்கார்ந்து': துணி மடிப்பது, மெயிலுக்குப் பதில். 'முழுத் தெம்பு': காப்பீட்டு அலுவலகத்துக்கு போன். அந்த போன் நான்கு நிமிட வேலைதான். காலண்டரில் அது கண்ணுக்கே தெரியாத துண்டு. எனக்கோ அரை நாளைத் தின்றுவிடும். பத்தி பிரிக்கும்போதுதான் இது உறைத்தது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு ஒன்று: ஐந்து நாள் விழுந்து கிடந்துவிட்டு ஆறாம் நாள் எழுந்தால், திட்டத்துக்குள் திரும்ப என்ன செலவாகும்? காலண்டரில் ஐந்து நாள் கட்டங்களும் காலாவதியாகிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் எங்கே நகர்த்துவது, எதை அழிப்பது என்று தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். ஏடிஹெச்டி மூளைக்கு அதுதானே ஆகாத வேலை! ஒரு முறை மதியம் முழுக்க நகர்த்தி அடுக்கினேன். மறுநாள் செய்யத் தெம்பில்லை. திரும்ப எல்லாம் காலாவதி. அப்படியே காலண்டரை மூன்று வாரம் திறக்கவில்லை. அட்டையில் தேதியே கிடையாது, எனவே எதுவும் காலாவதியாகாது. எடுத்தோம், முதலில் கண்ணில் பட்டதைச் செய்தோம், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. 'முழுத் தெம்பு' பத்தியில் ஒரு கடிதம் ஏழு வாரம் கிடந்தது. அதன் பிறகு கெடு உள்ளவற்றை மட்டும் காலண்டரில் அலாரத்தோடு போட்டுவிடுகிறேன். இன்னொன்று, தெம்பான நாளில் பத்தி முழுவதையும் முடித்துவிடத் தோன்றும். முடித்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். அதனால் எவ்வளவு தெம்பிருந்தாலும் அந்தப் பத்தியில் நாளுக்கு ஒன்றே ஒன்று.

எம்ஈ, அதாவது நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்கு இந்த விதி போதுமா என்பது சந்தேகம். அதில் உழைப்பின் விளைவு ஓரிரு நாள் தள்ளியும் வந்து தாக்கும். 'இப்போது தெம்பாக இருக்கிறதே' என்ற உணர்வை நம்ப முடியாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் 2021 வழிகாட்டுதலில், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைக் கைவிட்டு, இருக்கும் சக்தியின் வரம்புக்குள் நிற்கச் சொன்னது. முன்கூட்டியே அளந்து வைக்கும் ஸ்பூன் கணக்கு அவர்களுக்கு அட்டையைவிடப் பொருந்தலாம். எனக்கு அந்த நோய் இல்லை. அதில் நீண்ட நாள் வாழ்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.