ரூகர் 10/22க்கு எம்1 கார்பைன் பாணி மரக்கட்டை: வருஷக்கணக்கில் உழைத்த பிறகு தெரிவது

ரூகர் 10/22 ரைஃபிளுக்கு, மரக்கட்டையை (ரைஃபிளைத் தாங்கும் மரப்பகுதி) மாற்றி, எம்1 கார்பைன் என்ற பழைய அமெரிக்க ராணுவக் குட்டை ரைஃபிளின் உருவம் கொடுப்பது அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்களிடம் பழைய ஆசை. அதற்கு நியாயமும் உண்டு. 1964-இல் வெளிவந்த 10/22 கார்பைனின் பேரல் (குழல்) 18.5 அங்குலம், எடை சுமார் 5 பவுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 60 லட்சத்துக்கு மேல் தயாரான எம்1-இன் பேரல் 18 அங்குலம், எடை 5.2 பவுண்டு. கையில் எடுத்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான்.

ஆனால் உள்ளே இரண்டும் வேறு வேறு. எம்1-இல் ரிசீவரின் (பேரலும் இயங்கும் பாகங்களும் பொருந்தும் உலோகக் கூடு) பின்முனையைப் பிடித்துக்கொள்ள கட்டையில் தனியாக ஓர் இரும்புத் தகடு பதித்திருக்கும். 10/22-இல் அப்படி எதுவும் கிடையாது. மேகசின் (குண்டுகள் அடைத்த பெட்டி) குழிக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்குரூ; மொத்த ரைஃபிளும் அதில்தான் நிற்கிறது. பின்பக்கம் ரிசீவர் மரச்சுவரில் முட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். வெளித்தோற்றத்தை எம்1 போலச் செதுக்கிவிட்டு இந்தப் பின்சுவரைக் கவனிக்காமல் விட்ட கட்டைகள் புதிதில் நன்றாகவே சுடும். ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் போனதும் குண்டு விழும் இடம் மேலும் கீழுமாக நகரத் தொடங்கும்.

சோதிப்பது சுலபம். மேகசினைக் கழற்றி, சேம்பர் (பேரலில் குண்டு உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, ரிசீவரின் பின்முனையைக் கட்டைவிரலால் மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். ஒரு தாள் கனம் அசைந்தாலும் பின்சுவர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைச் சரிசெய்ய, உலோகத்தூள் கலந்த எப்பாக்ஸிப் பசையைப் பின்சுவரிலும், ஸ்குரூ ஏறும் பகுதியைச் சுற்றியும் மட்டும் இட்டால் போதும். பசை ஒட்டாதிருக்க ரிசீவருக்கு மெழுகு தடவி, துளைகளையும் பள்ளங்களையும் களிமண்ணால் அடைத்துவிட வேண்டும்; ஒரு துளைக்குள் எப்பாக்ஸி புகுந்து இறுகினால் கட்டையை உடைத்துத்தான் ரிசீவரை எடுக்க நேரும். 10/22 கட்டைக்குள் நேராக இறங்காது. பின்முனை முதலில், சாய்வாக உள்ளே போகும்; பிறகுதான் பேரல் கீழே வரும். எனவே எப்பாக்ஸி இறுகியதும் சாய்த்து இறக்கிப் பார்த்து, உரசும் இடத்தை மட்டும் அரத்தால் எடுங்கள்.

வடிவமைப்பில் பெரிய கண்ணி, ரிசீவரை ஒட்டிய கட்டையின் பக்கச்சுவர்களில் இருக்கிறது. எம்1 கட்டைகளில் இரண்டு வகை உண்டு: வலது பக்கத்தில் மரம் உயர்ந்து நிற்கும் ஆரம்பகால வகை, அதே இடத்தில் மரத்தைத் தாழ்த்தி வெட்டிய பிற்கால வகை. பிந்தையது பார்க்க இன்னும் மிடுக்காக இருக்கும் என்று பலரும் அதையே நகல் எடுக்கிறார்கள். 10/22-இல் ட்ரிகர் தொகுதியை ரிசீவரோடு சேர்க்கும் குறுக்கு ஊசிகள் இறுக்கமாக அடிக்கப்பட்டவை அல்ல. விரலால் தள்ளினாலே பல ரைஃபிள்களில் வெளியே வந்துவிடும். அவற்றை வெளியேறாமல் காப்பது கட்டையின் பக்கச்சுவர்தான். மரத்தை அந்த ஊசிகளுக்குக் கீழே தாழ்த்தினால், அல்லது உள்குடைவை அகலமாக விட்டால், சுடச்சுட ஊசி ஒரு பக்கமாக நகரும். நகர்ந்த முனை மரத்தில் சிறு பளபளப்பான குழி போடும். கட்டையைக் கழற்றும்போதெல்லாம் அந்தக் குழி இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். மரத்தின் மேல்விளிம்பு ஊசிகளை முழுவதும் மூடி, குண்டுக்கூடு வெளியேறும் வாசலின் கீழ்விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கீழே நின்றால் போல்ட் கைப்பிடிக்கும் இடைஞ்சல் இல்லை, ஊசிக்கும் காவல் இருக்கும்.

அடுத்தது அந்த ஒற்றை ஸ்குரூ. வெறும் மரத்தின் மேல் முடுக்கினால் மரம் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும். அதே முடுக்கு அடுத்த மாதம் தளர்வாகிவிடும். 10 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை ஸ்குரூ துளையில் எப்பாக்ஸியால் பதித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. குழாயின் மேல்முனை ரிசீவர் உட்காரும் பரப்போடு சமமாக நிற்க வேண்டும். துருத்தி நின்றால் ரிசீவர் ஊசலாடும். முடுக்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு போதும். அதற்கு மேல் போனால் அலுமினிய ரிசீவரில் மரையை அறுத்துக்கொள்வது ஒரு நொடி வேலை.

பேரல் பட்டையும் (முன்கட்டையைச் சுற்றிய உலோக வளையம்) மேல்மூடியும் (பேரலின் மேல் உட்காரும் மரமூடி) இல்லாமல் எம்1 தோற்றமே வராது. பட்டையை மரத்தோடு மட்டும் பிணைத்து, பேரலைச் சுற்றி 1 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பட்டை பேரலை இறுக்கினால், மரம் ஈரத்தில் ஊதும்போது பேரலையும் சேர்த்து இழுக்கும். பேரல் பள்ளத்திலும் அதே அளவு இடைவெளி வேண்டும். நாலாக மடித்த தாள் தடங்கலின்றி ஓட வேண்டும். மேல்மூடிக்கு அசல் எம்1-இல் ரிசீவரிலேயே ஓர் உதடு உண்டு. 10/22-இல் அது இல்லாததால், மூடியின் பின்விளிம்பில் இரண்டு 3 மில்லிமீட்டர் பித்தளை ஊசிகளைப் பதித்து, முன்கட்டையில் அவற்றுக்குத் துளையிடுவது நீடித்து நிற்கிறது. பேரலைக் கவ்வும் வில்தகடு வைத்த மூடிகள் சீக்கிரமே கடகடக்கின்றன.

மேல்மூடி வந்ததும் பேரலில் இருக்கும் மடக்குப் பின்பார்வை (குறிபார்க்கும் கருவி) போய்விடும். ரிசீவரின் மேல் பொருத்தும், சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட்தான் ஒரே வழி. டெக்-சைட்ஸ் நிறுவனம் 10/22க்கென்றே ஒன்று செய்கிறது. இது இழப்பில்லை. பின்பார்வை கண்ணுக்கருகே வருவதால் இரு பார்வைகளுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. எம்1 கட்டையின் தாழ்ந்த, நேரான கன்னமேடு இந்த உயரத்துக்கே ஆனது. டெலஸ்கோப் மாட்ட நினைப்பவர்கள் இந்தப் பாணியைத் தவிர்ப்பது நல்லது. தாடை அந்தரத்தில் நிற்கும்.

மரத்துக்கு 800 × 150 × 55 மில்லிமீட்டர் வால்நட் கட்டை போதும். ஈரப்பதம் 8 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். நார் ஓட்டம் பிடிக்கழுத்து வழியாக நேராகப் போக வேண்டும்; அங்கே குறுக்காக வெட்டுப்பட்டால், கீழே விழும் முதல் தடவையே கழுத்து முறியும். எம்1-இன் அடையாளமான தோள்வார்த் துளையும் எண்ணெய்க்குப்பிக் குழியும் பின்கட்டையில்தான் வருகின்றன. இவற்றைப் பின்விளிம்புக்கு மிக அருகே வெட்டினால் வாரின் இழுவையில் விரிசல் விழும். துளையின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வட்ட அரத்தால் உருட்டிவிடுங்கள். விரிசல் எப்போதும் மூலையில்தான் தொடங்குகிறது.

பூச்சுக்கு அந்தக் காலக் காய்ச்சாத லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) நாடுபவர்கள் உண்டு. அது காய நாள் பிடிக்கும், அழுக்கு ஒட்டும். அதைவிட டங் ஆயிலை நாலைந்து மெல்லிய பூச்சாகக் கொடுப்பதே நல்லது. வெளிப்புறத்தை விட முக்கியம் உள்குடைவும், தோள்தகட்டின் அடியிலுள்ள நார்முனையும். ஈரம் நுழைவது அங்கேதான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பற்றும். விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

கட்டையில் ரைஃபிளைப் பூட்டியதும், சுடுவதற்கு முன், சேஃப்டி பொத்தான் இருபுறமும் முழுதாக நகர்கிறதா பாருங்கள். பொருத்தும்போது அதை நடுவில் நிறுத்தினால்தான் ரிசீவர் இறங்கும். பிறகு மரத்தில் உரசி நடுவிலேயே நின்றுவிட்டால் அது பாதுகாப்பே இல்லை. அந்த இடத்தில் மரத்தை இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். மேகசின் விடுவிப்பு நெம்புகோலுக்கும் இதே சோதனை. ரூகரின் 10 குண்டு சுழல் மேகசின் கட்டைக்குள்ளேயே மறைந்துவிடும். எம்1 போல வெளியே நீண்டு தெரிய வேண்டுமானால் அதே நிறுவனத்தின் 15 குண்டு மேகசினான பிஎக்ஸ்-15 பொருந்தும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் 10 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை இருப்பதால் வாங்குமுன் உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். 0.920 அங்குல விட்டமுள்ள தடித்த பேரல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வடிவம் ஒத்துவராது. அதற்குப் பள்ளம் வெட்டினால் முன்கட்டையின் பக்கச்சுவர் அட்டை கனத்துக்கு மெலிந்துவிடும்.