விளம்பரத்தில் வராத அரச மானியம்: மதிப்பீட்டுப் புத்தகமும் ஒரு ஆர்.டி.ஐ. கடிதமும்

கொழும்பில் அரச மானியம் தேடுகிற சங்கங்களும் சிறுதொழில்காரரும் முதலில் புரட்டுவது தினகரனையும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும்தான். வர்த்தமானியில் பதவி வெற்றிடமும் காணி அறிவித்தலும் பக்கம் பக்கமாக வரும். மானிய அழைப்பு அபூர்வம். பல திட்டங்கள் ஒரு சுற்றுநிருபமாகத் திணைக்களத்திலிருந்து பிரதேச செயலகத்துக்குப் போய், அறிவித்தல் பலகையில் சில நாள் தொங்கிவிட்டு முடிந்துபோகின்றன. அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கம் மூன்று மொழியிலும் பதில் சொல்லும். எந்தச் சேவைக்கு எந்தக் கந்தோர் என்று கேட்க அது நல்ல வழி. ஆனால் பெயரே தெரியாத திட்டத்தை அதனிடம் எப்படிக் கேட்பது?

ஆகவே அறிவித்தலைத் தேடாமல் பணத்தைத் தேடவேண்டும். அதற்கு உதவுவது திறைசேரி இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வரவு செலவுத்திட்ட மதிப்பீடுகள். தடித்த புத்தகம், வாசிக்க அலுப்பு. ஆனாலும் முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் ஒரு தலைப்பு இலக்கம் உண்டு: இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் 204, கொழும்பு மாவட்டச் செயலகம் 255. உங்களுக்குரிய தலைப்பைத் திறந்து, பணம் எதற்கென்று காட்டும் செலவினக் குறியீட்டைப் பாருங்கள். 1504 என்றால் அபிவிருத்தி மானியம். புதியவர்கள் சறுக்குவது 1503இல்: ‘மாற்றல்’ என்ற சொல்லைப் பார்த்து மானியம் என்று நினைத்துவிடுவார்கள். அது அரச நிறுவனங்களுக்கே போகும் பணம். வெளியாருக்கு அதிலிருந்து நேரே ஒரு சதமும் வராது. நிதி மூலக் குறியீடு 11 உள்நாட்டுப் பணம், 13 வெளிநாட்டு நன்கொடை. 13 என்றிருந்தால் நன்கொடையாளரின் நிபந்தனைகளும் கூடவே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுட்பம். புத்தகத்தில் புதிய மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு முந்திய உண்மைச் செலவும் இருக்கும். அந்தப் பழைய வருடத்தின் புத்தகத்தையும் திறந்து, அப்போது ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். பெரிய இடைவெளி இருந்தால் இரண்டில் ஒன்று: திறைசேரி பணத்தை விடுவிக்கவில்லை, அல்லது விண்ணப்பிக்க ஆள் வரவில்லை. இரண்டாவதென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எது என்று அந்தப் புத்தகம் சொல்லாது.

அதைச் சொல்லவைப்பதுதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் (சுருக்கமாக ஆர்.டி.ஐ.). 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்.டி.ஐ. 01 படிவம் உண்டு. சாதாரணக் கடிதமும் செல்லும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே கேட்கலாம்.

வெற்றியும் தோல்வியும் கேள்வியின் வசனத்தில்தான். “எமது சங்கத்துக்கு மானியம் கிடைக்குமா?” என்று எழுதினால் கதை முடிந்தது, அது கோவையில் இருக்கும் தகவல் அல்ல, அபிப்பிராயம். இப்படி எழுதுங்கள்: “தலைப்பு இன்னது, குறியீடு 1504இன் கீழ் 2025இல் நடைமுறைப்படுத்திய திட்டங்களின் பெயர்கள், ஒவ்வொன்றின் தகைமையையும் வரையறுக்கும் சுற்றுநிருபத்தின் பிரதி, வெற்று விண்ணப்பப் படிவம், கிடைத்த விண்ணப்பங்கள், அங்கீகரித்தவை, வழங்கிய மொத்தத் தொகை, அழைப்பு வெளியான பத்திரிகையும் திகதியும்.” பயனாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுக்க அது வழிவிடும். சுற்றுநிருபத்துக்குத் தமிழ்ப் பிரதி வேண்டும் என்று தனி வரியில் எழுதுங்கள். எழுதாவிட்டால் சிங்களப் பிரதி மட்டும் வர வாய்ப்பு அதிகம்.

கொழும்பில் இருப்பவர்கள் தபாலை நம்பாமல் நேரில் கொண்டுபோய், அந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குவதே மேல். தருவது அவரது கடமை. அது இல்லாவிட்டால் பின்னால் மேன்முறையீட்டுக்கு நாள் கணக்குக் காட்டமுடியாது. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும், அதன்பின் தகவல் தர இன்னும் 14 நாள். மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு.

குறை என்றால் இந்த வேகம்தான். சிக்கலில்லாமல் போனாலும் ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கலாம், மேன்முறையீடு சேர்ந்தால் அரை வருடம் போனது தெரியாது. டிசம்பர் 31உடன் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதால் ஓகஸ்ட்டில் போட்ட கடிதம் அந்த வருடத்துக்கு உதவாது. மதிப்பீடு வழக்கமாக டிசம்பரில் நிறைவேறிவிடும், ஜனவரியிலேயே கடிதத்தைக் கையளித்துவிடுங்கள். (2025இல் வரவு செலவுத்திட்டமே பெப்ரவரியில்தான் வந்தது, அப்படியான வருடங்களில் எல்லாம் பின்தள்ளும்.)

அவசரத்துக்கு உதவாது, அடுத்த வருடத்துக்குத் தயாராக இதைவிட மலிவான வழி கொழும்பில் இல்லை. பத்துக்கு ஏழு கொடுக்கலாம். “மேலே ஆளைத் தெரியும்” என்று முற்பணம் கேட்கும் தரகருக்குப் பூச்சியம். பதிலில் பழைய விளம்பரத்தின் திகதி வந்தால் அதற்கு ஆறு வாரம் முன்னதாக நாட்காட்டியில் குறித்து, பதிவுச் சான்றிதழையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் அன்றே எடுக்கத் தொடங்குங்கள்.