பழைய வரி முறையா, புதிய வரி முறையா? முடிவு வாடகை ரசீதில் இருக்கிறது

சம்பளம் வாங்குபவர்களிடம் ஒவ்வோர் ஏப்ரலிலும் நிறுவனம் ஒரு கேள்வி கேட்கும்: வருமான வரிக்குப் பழைய முறையா, புதிய முறையா? பதில் சொல்லாமல் விட்டால் புதிய முறை என்று எடுத்துக்கொண்டு டி.டி.எஸ். (சம்பளத்திலேயே முன்கூட்டி எடுக்கும் வரி) பிடிப்பார்கள். 2025-26 நிதியாண்டின் விகிதங்களையும் விதிகளையும் வைத்துக் கணக்குப் போட்டால் (கீழே வரும் எண்கள், பிரிவுகள், படிவங்கள் எல்லாம் அந்த ஆண்டுக்கு உரியவை), பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே நல்லது. நான் புதிய முறையின் பக்கம்தான். ஆனால் சில குடும்பங்கள் அதைத் தேர்ந்தெடுத்தால் வருடத்துக்குக் கால் லட்சத்துக்கும் மேல் இழக்கும். அந்தக் குடும்பங்கள் எவை என்பதுதான் இங்கே விஷயம்.

விகிதங்கள் பலருக்கும் தெரிந்தவை. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். சம்பளத்திலிருந்து நிலையான கழிவு, அதாவது ரசீது எதுவும் காட்டாமலே கழியும் தொகை, 75,000 ரூபாய். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடியில் வரி முழுவதும் போய்விடும். பழைய முறையில் 2.5 லட்சம் வரை வரி இல்லை, 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. நிலையான கழிவு 50,000. தள்ளுபடி 5 லட்சத்தோடு சரி. இரண்டிலும் வரியின் மேல் 4 சதவீதம் செஸ் உண்டு.

15 லட்சம் சம்பளம், வேறு கழிவு எதுவும் இல்லை என்றால் புதிய முறையில் வரி 97,500 ரூபாய், அதாவது சம்பளத்தில் 6.5 சதவீதம். பழைய முறையில் அதே சம்பளத்துக்கு 2,57,400. ஆக, பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர் 1.6 லட்சம் பின்தங்கித்தான் ஓடத் தொடங்குகிறார். பழைய முறையில் மட்டும் கழிக்க முடிந்த 80சி (பி.எஃப். போன்ற சேமிப்புகளுக்கான பிரிவு), மருத்துவக் காப்பீடு, வீட்டுக் கடன், வாடகை எல்லாம் சேர்ந்து முதலில் இந்தப் பள்ளத்தை அடைக்க வேண்டும். லாபம் அதற்குப் பிறகுதான்.

பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது சம்பளத்துக்குச் சம்பளம் மாறும். நிலையான கழிவு போக, இரண்டு முறையிலும் வரி சமமாவதற்குப் பழைய முறையில் காட்ட வேண்டிய கழிவு இது:

12.75 லட்சம் சம்பளம்: 7.25 லட்சம்
13.5 லட்சம்: ஏறத்தாழ 5.06 லட்சம்
15 லட்சம்: 5.44 லட்சம்
20 லட்சம்: 7.08 லட்சம்
24.75 லட்சமும் அதற்கு மேலும்: 8 லட்சம்

12.75 லட்சத்துக்குக் கீழே கணக்கே தேவையில்லை. புதிய முறையில் வரி பூஜ்யம். பழைய முறை என்ன செய்தாலும் பூஜ்யத்தைவிடக் குறைக்க முடியாது. 24.75 லட்சத்துக்கு மேல் இரண்டிலுமே 30 சதவீதம் என்பதால் எல்லை 8 லட்சத்திலேயே நின்றுவிடுகிறது. ஐந்து கோடியைத் தாண்டுபவர்களுக்கு சர்சார்ஜ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) பழைய முறையில் 37 சதவீதம், புதியதில் 25. அங்கே விவாதமே இல்லை.

இனி கழிவுப் பக்கம். 80சி-யில் அதிகபட்சம் 1.5 லட்சம், சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். இதற்குள்ளேயே அடக்கம். அடிப்படைச் சம்பளம் 7.5 லட்சம் என்றால் பி.எஃப். மட்டுமே 90,000 ஆகிவிடும். என்.பி.எஸ். என்னும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சொந்தமாகப் போடும் பணத்துக்குத் தனியாக 50,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்குத் தன் குடும்பத்துக்கு 25,000, அறுபது தாண்டிய பெற்றோருக்கு 50,000. ஒன்றையும் விடாமல் காட்டினாலும் 2.75 லட்சம். குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டி 2 லட்சத்தையும் சேர்த்தால் 4.75 லட்சம்.

மேலே உள்ள எல்லைகளை இன்னொரு முறை பாருங்கள். அவற்றில் மிகக் குறைந்ததே 5.06 லட்சம். வீட்டுக் கடன் இருக்கிறது, அதனால் பழைய முறை என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கிறார்கள். வீட்டுக் கடனால் மட்டும் எந்தச் சம்பளத்திலும் பழைய முறை ஜெயிக்காது. கல்விக் கடன் வட்டி (80ஈ, இதற்கு உச்சவரம்பு கிடையாது), மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவு, 2019 ஏப்ரல் முதல் 2022 மார்ச்சுக்குள் அனுமதியான முதல் வீட்டுக் கடனுக்குரிய 80ஈ.ஈ.ஏ. போன்றவை உள்ளவர்கள் விதிவிலக்கு. மற்றவர்களுக்குத் தராசைச் சாய்ப்பது ஒன்றே ஒன்றுதான்: வீட்டு வாடகைப் படி, அதாவது எச்.ஆர்.ஏ.

2025-26 விதிப்படி எச்.ஆர்.ஏ. விலக்கு மூன்று தொகைகளில் எது குறைவோ அது: நிறுவனம் தந்த எச்.ஆர்.ஏ.; கட்டிய வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம் போக மீதி; சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், மற்ற ஊர்களில் 40 சதவீதம். வருட வாடகை 3 லட்சம் என்றால் 3 லட்சமும் கழியும் என்று நினைப்பது இங்கே வழக்கமான தவறு. நடுவில் இருக்கும் அந்த 10 சதவீதம்தான் கடிக்கிறது. சம்பளம் உயர உயர அடிப்படைச் சம்பளமும் உயரும், வெட்டும் பெரிதாகும்.

சென்னையில் 15 லட்சம் சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடிப்படை 7.5 லட்சம், எச்.ஆர்.ஏ. 3.75 லட்சம், மாத வாடகை 25,000. வருட வாடகை 3 லட்சத்தில் 75,000 போக 2.25 லட்சம் விலக்கு. மேலே சொன்ன 2.75 லட்சத்தையும் முழுதாகக் காட்டினால் மொத்தம் 5 லட்சம். தேவை 5.44. புதிய முறைதான். வாடகை 30,000 என்றால் விலக்கு 2.85 லட்சம், மொத்தம் 5.6 லட்சம், பழைய முறை ஜெயிக்கிறது, 3,380 ரூபாய் வித்தியாசத்தில். அந்த 3,380-க்காக 50,000 ரூபாயைப் பல ஆண்டுகள் என்.பி.எஸ்.ஸில் பூட்டி வைக்க வேண்டும், 80சி-யை நிரப்ப வேண்டும், ரசீதுகளைச் சேர்க்க வேண்டும். அது பெறுமானம் இல்லாத பேரம் என்பேன்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ‘வாடகை எல்லை’ கிடைக்கும். அந்த 2.75 லட்சம் முழுதும் இருக்கிறது, வீட்டுக் கடன் இல்லை, ஊர் சென்னை, அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதி, எச்.ஆர்.ஏ. அதில் பாதி என்று வைத்துக்கொண்டால், பழைய முறை லாபமாவதற்கு மாத வாடகை 15 லட்சம் சம்பளத்தில் ஏறத்தாழ 28,650-ஐத் தாண்ட வேண்டும். 20 லட்சத்தில் 44,450-ஐ. 30 லட்சத்தில் 56,250-ஐ. பெற்றோருக்கு பாலிசியும் என்.பி.எஸ்.ஸும் இல்லாதவருக்கு 15 லட்சத்தில் எல்லை 36,980 ஆகிவிடும். 20 லட்சத்தில் எவ்வளவு வாடகை கொடுத்தாலும் எட்டாது, ஏனென்றால் 5 லட்சம் எச்.ஆர்.ஏ.வே கூரை போட்டுவிடும். கோவை, மதுரை, பெங்களூரு போல 40 சதவீத ஊர்களில் 20 லட்சம் சம்பளக்காரருக்கு விலக்கின் கூரை 4 லட்சம்தான், 2.75 லட்சம் முழுதாக இருந்தாலும் வீட்டுக் கடன் இல்லாமல் பழைய முறை கட்டாது. சம்பள அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், சம்பளச் சீட்டில் உள்ள அடிப்படை எண்ணை வைத்து இதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே பழைய முறையில் இருக்க வேண்டியவர் யார் என்றால், சொந்த ஊரில் கடனில் வீடு, வேலைக்காக வேறு ஊரில் வாடகை, இரண்டும் உள்ளவர். சென்னையில் 20 லட்சம் சம்பளம், 35,000 வாடகை: எச்.ஆர்.ஏ. விலக்கு 3.2 லட்சம், கடன் வட்டி 2 லட்சம், மற்றவை 2.75. மொத்தம் 7.95 லட்சம். பழைய முறையில் செஸ்ஸோடு 27,040 ரூபாய் மிச்சம். இவர் சோம்பலால் புதிய முறையில் இருந்துவிடக் கூடாது.

ரசீதிலும் கவனம் வேண்டும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் தேவை. மாதம் 50,000-க்கு மேல் கொடுத்தால் குடியிருப்பவரே 2 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து 26க்யூ.சி. படிவத்தில் கட்ட வேண்டும். இதை விட்டுவிட்டு எச்.ஆர்.ஏ. மட்டும் கேட்பவர்களுக்குத்தான் நோட்டீஸ் வருகிறது. பெற்றோருக்கு வாடகை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பணம் வங்கி வழியாகப் போக வேண்டும், அவர்கள் கணக்கில் அது வருமானமாக ஏற வேண்டும்.

புதிய முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. 12.75 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 13.45 லட்சம் வரையிலான சம்பளத்தில், கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் வரியாகவே போகிறது. 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்ற விளிம்பு நிவாரணத்தின் விளைவு இது. 12.75-லிருந்து 13.25 லட்சமாக சம்பளம் உயர்ந்தவருக்கு வரி 50,000, செஸ் 2,000. உயர்வுக்கு முன்பு இருந்ததைவிடக் கையில் 2,000 குறைவு. இதற்கு மருந்து நிறுவனம் வழியாகப் போடும் என்.பி.எஸ்.: அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை 80சி.சி.டி.(2)-இன் கீழ் புதிய முறையிலும் கழியும். 6.5 லட்சம் அடிப்படை என்றால் 91,000 வரை. சொந்தமாகப் போடும் 50,000-க்கு இங்கே இடமில்லை. நிறுவனம் போடும் அந்தப் பங்கைச் சம்பள அமைப்பிலேயே சேர்க்கும்படி மனிதவளத் துறையிடம் கேட்க வேண்டும்.

குடும்ப வருமானம் என்று பார்த்தால் இந்த முறைகளைவிடப் பெரிய இடைவெளி வேறோர் இடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் வரி தனிநபருக்கு. கணவன் மனைவி சேர்ந்து ஒரே கணக்குத் தாக்கல் செய்ய வழியில்லை. இருவரும் தலா 12.75 லட்சம் சம்பாதிக்கும் வீட்டில் 25.5 லட்சம் வருகிறது, வரி பூஜ்யம். அதே 25.5 லட்சத்தை ஒருவரே சம்பாதித்தால் புதிய முறையில் 3,35,400, மாதத்துக்கு 27,950. ஒற்றைச் சம்பளக் குடும்பம் இதை எந்த முறையிலும் ஈடுகட்ட முடியாது. மனைவி பெயரில் டெபாசிட் போட்டு வட்டியைப் பிரிக்கலாம் என்று நினைத்தால், 64-ஆம் பிரிவு அந்த வட்டியை, பணம் கொடுத்த கணவரின் வருமானத்திலேயே சேர்த்துவிடும்.

இரண்டு சம்பளம் உள்ள வீட்டில் ஒருவர் பழைய முறை, இன்னொருவர் புதிய முறை என்று போகலாம். வாடகையை ஆளுக்குப் பாதி காட்டினால் யாருமே எல்லையை எட்ட மாட்டார்கள். 12 லட்சம் வாங்குபவர் புதிய முறையில் பூஜ்யம் கட்டட்டும்; வாடகை ஒப்பந்தமும் செலுத்துதலும் 20 லட்சம் வாங்குபவர் பெயரில் இருக்கட்டும்; பெற்றோருக்கான பிரீமியத்தையும் அவரே கட்டட்டும். இந்த ஏற்பாட்டை ஏப்ரலிலேயே செய்தால்தான் உண்டு, பிப்ரவரியில் ரசீதை மாற்றி எழுதக் கூடாது.

பங்கு விற்பவர்கள் ‘12 லட்சம் வரை பூஜ்யம்’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். 11 லட்சம் சம்பளத்தோடு பட்டியலிட்ட பங்குகளில் குறுகிய கால லாபம் 60,000 வந்தால், சம்பளத்துக்கான வரிதான் தள்ளுபடியாகும். லாபத்துக்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 12,480 கட்டியே ஆக வேண்டும்.

நிறுவனத்திடம் சொன்னது இறுதி அல்ல. சம்பளக்காரர் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஒவ்வோர் ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதக் கணக்கில் புதிய முறை மட்டுமே. வருடம் முழுக்கச் சேர்த்த ரசீதுகள் அன்றே செல்லாக்காசு. தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்குப் போக அதே தேதிக்குள் 10-ஐ.இ.ஏ. படிவம் தர வேண்டும். அங்கிருந்து ஒரு முறை புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறையின் கதவு மறுபடி திறக்காது.