ஸ்ரிம்-ரூட் வேரூக்கித் தூள்: வேர்விட மறுக்கும் கஞ்சாத் துண்டங்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

கனடாவின் தோட்டக் கடைகளில் நெடுங்காலமாகக் கிடைத்துவரும் ஸ்ரிம்-ரூட் என்னும் வேரூக்கித் தூள் மூன்று இலக்கங்களில் விற்கப்படுகிறது. மூன்றிலும் இருப்பது இந்தோல் பியூற்றிரிக் அமிலம் என்ற ஒரே ஓமோன்தான். அளவு மட்டுமே வேறுபடுகிறது. இலக்கம் 1இல் 0.1 சதவீதமும், இலக்கம் 2இல் 0.4 சதவீதமும், இலக்கம் 3இல் 0.8 சதவீதமும் உண்டு. வீட்டில் கஞ்சாச் செடி வளர்ப்பவர்கள் தாய்ச்செடியிலிருந்து தண்டுத்துண்டம் வெட்டி வேர்விடச் செய்வதற்கு இவற்றில் எதை வாங்கலாம், வாங்கிய பின்னும் துண்டங்கள் வாடியும் அழுகியும் போனால் பழியை எங்கே தேட வேண்டும் என்பவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலக்கம் 1 நல்ல பொருள், விலைக்குத் தகுந்தது, ஆனால் நோயுற்ற துண்டத்தை அது காப்பாற்றாது.

சட்டத்தையும் இங்கேயே குறிப்பிட்டாக வேண்டும். 2018 ஒக்ரோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த கனடாவின் கஞ்சாச் சட்டம், வயதுவந்தோர் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகளையே அனுமதிக்கிறது. ஒன்ராறியோவில் இந்த அனுமதி உண்டு, கியூபெக்கில் இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பதால், இங்குள்ள விவரங்கள் அனுமதி உள்ள இடங்களில் வாழ்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். வேர்விட்ட நாற்றையும் ஒரு செடியாக எண்ணிக்கொள்வதே பாதுகாப்பானது. தட்டு நிறையத் துண்டங்களை வைத்து, பாதி செத்தாலும் பரவாயில்லை என்று இருக்கப் பெரிய பண்ணைகளால் முடியும். நான்கு செடிக்காரரால் முடியாது. அவர் வெட்டும் ஒவ்வொரு துண்டமும் பிழைத்தாக வேண்டும் என்பதாலேயே இந்தத் தூளைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியுள்ளது.

கடைகளில் நான் அடிக்கடி கேட்கும் அறிவுரை, ‘வேர் விடாவிட்டால் இலக்கம் 3 வாங்குங்கள், அதுதான் பலமானது’ என்பது. இது தவறான அறிவுரை. இலக்கம் 3 முற்றிய மரத்தண்டுகளுக்காகவும், இலக்கம் 2 பாதி முற்றிய தண்டுகளுக்காகவும், இலக்கம் 1 இளந்தண்டுகளுக்காகவும் தயாரிக்கப்பட்டவை. கஞ்சாச் செடியிலிருந்து நாம் வெட்டுவது பச்சையான இளந்தண்டு. ஒட்சின் எனப்படும் தாவர வளர்ச்சி ஓமோன் வகையைச் சேர்ந்த இது அளவோடு இருந்தால் தண்டின் கலங்களை வேர்முளைகளாக மாறத் தூண்டும். மிஞ்சினால் அதுவே வேர் வெளிவருவதைத் தடுக்கும். அடித்தண்டு பருத்து, வெண்மையான தடிப்புத் திசு கட்டிக்கொண்டு, நாட்கள் கடந்தும் ஒரு வேர்கூட வராமல் நிற்கும் துண்டங்களைப் பார்த்தால், முதலில் தூளின் இலக்கத்தைப் பாருங்கள். தாய்ச்செடியின் அடிப்பகுதியில் சற்று உறுதிப்பட்ட கிளையிலிருந்து வெட்டும்போது மட்டும் இலக்கம் 2ஐப் பயன்படுத்துவதில் நியாயம் உண்டு.

தூள் வடிவத்துக்கென்றே ஒரு குறை இருக்கிறது. துண்டத்தைத் தூளில் தோய்த்து, அதை நடும் ஊடகத்துக்குள் நேரடியாகக் குத்தினால், தூளில் பெரும்பகுதி மேலேயே வழிக்கப்பட்டுவிடும். அதனால் தண்டைவிடச் சற்று அகலமான துளையை முதலில் இட்டு, பிறகு துண்டத்தை இறக்கி, சுற்றிலும் மெதுவாக அழுத்திவிட வேண்டும். தோய்த்தவுடன் விரலால் தட்டி, மிகையான தூளை உதிர்ப்பதும் அவசியம். கூழ் வடிவில் வரும் வேரூக்கிகள் தண்டில் நன்றாக ஒட்டிக்கொள்வதால் இந்தத் தொல்லை அவற்றில் இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்குக் கூழ் எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலர்வாக வைத்துப் பேணினால் தூள் நெடுநாள் கைகொடுக்கும், ஆண்டுக்குச் சில துண்டங்களே நடுபவருக்கு அது பெரிய வசதி. தோய்ப்பதற்கு வேண்டிய சிறு அளவை வேறொரு மூடியில் கொட்டி எடுத்து, மீதியை எறிந்துவிட வேண்டும். ஈரத் தண்டைப் போத்தலுக்குள்ளேயே தோய்த்தால் தூள் கட்டிபடுவதோடு, ஒரு துண்டத்தின் நோய் மற்றவற்றுக்கும் போய்ச் சேரும். எந்தெந்தப் பயிர்களுக்கு உரியது என்று உறையில் அச்சிட்டிருப்பதையும் வாங்கும்போதே வாசித்துவிடுங்கள்.

இனி, தூளைச் சரியாகப் பயன்படுத்தியும் துண்டங்கள் நலிவது ஏன் என்பதற்கு வருவோம். வெட்டிய சில மணி நேரத்துக்குள்ளேயே இலைகள் தொங்கினால், அது நீர் இழப்பு. வேரில்லாத துண்டம் நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு; ஆவியுயிர்ப்போ நிற்பதில்லை. கஞ்சாத் தண்டின் கணுவிடைகள் உள்ளே பொள்ளலாக இருப்பதால், கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரிய அலகால் சாய்வாக வெட்டி, வெட்டியவுடனேயே நீரில் இட வேண்டும். ஒளிபுகும் மூடி உள்ள தட்டில் வைத்து, முதல் சில நாட்கள் ஈரப்பதனை ஏறத்தாழ 90 சதவீதத்தில் பேணி, பின்னர் மூடியின் துவாரங்களைப் படிப்படியாகத் திறந்துவர வேண்டும். திறக்காமலே விட்டால் இலைகளில் நீர் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஒளியும் மென்மையாகவே இருக்கட்டும்; பூக்கும் செடிக்கான பலத்த விளக்கின் கீழ் வேரில்லாத துண்டத்தை வைப்பது அதை வதைப்பதாகும்.

இலை நுனிகளை வெட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஏறக்குறைய எல்லோரும் அதைச் செய்கிறார்கள். நீர் இழப்பைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் இலைகளை நுனியில் நறுக்கிவிடுவது நீண்டகால வழக்கம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலேயே உள்ள குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது: இலை நுனியில் மூன்றில் ஒரு பங்கை நீக்கிய துண்டங்களில் 53 சதவீதமே வேர்விட்டன, நீக்காதவற்றில் 71 சதவீதம் வேர்விட்டன. வேர் உருவாகத் தேவையான மாச்சத்தை இலைதான் தர வேண்டும் என்பதை நினைத்தால் இது வியப்பல்ல. தாய்ச்செடியின் மேற்பகுதியில் வெட்டினாலும் கீழ்ப்பகுதியில் வெட்டினாலும் வேறுபாடு தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. வில்லோ மரச்சாற்றுக் கூழைவிட இந்தோல் பியூற்றிரிக் அமிலக் கூழ் இரு மடங்குக்கும் சற்று மேலான வெற்றியைத் தந்ததாகவும் அதில் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய கூழின் வலிமை 0.2 சதவீதம்; தூளையும் கூழையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்றாலும், அந்த எண் ஸ்ரிம்-ரூட் இலக்கம் 1க்கும் 2க்கும் இடையில் விழுகிறது. ‘இயற்கையானது’ என்ற பெயருக்காக மட்டும் வில்லோச் சாற்றை நாடுபவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடித்தண்டு கபில நிறமாகிக் கூழாகக் குழைந்து, நாற்றமும் எடுத்தால் காரணம் பெரும்பாலும் குளிரும் மிகை நீரும்தான். ஒன்ராறியோவில் பலர் நிலவறையில் வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் அந்த நிலத்தின்மேல் வைத்த தட்டு, அறையின் வெப்பமானி காட்டுவதைவிடக் குளிர்ந்திருக்கும். வேர்ப்பகுதிக்கு 22 முதல் 25 பாகை செல்சியஸ் வேண்டும். அதற்குக் கீழே வேர் உருவாவது மந்தமாகிறது. அந்தக் காத்திருப்பில் பித்தியம், பியுசேரியம் போன்ற நோய்க்காரணிகள் முந்திக்கொள்கின்றன. தட்டின் கீழே விரிக்கும் மின் வெப்பப் பாயுடன் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியையும் சேர்த்தே வாங்குங்கள், ஏனெனில் கட்டுப்படுத்தி இல்லாத பாய் 30 பாகையைத் தாண்டிவிட்டால் அழுகல் இன்னும் விரைவாகும். பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த ரொக்வூல் கட்டிகளை ஊடகமாகப் பயன்படுத்துபவர்கள் அவற்றைப் பி.எச். 5.5 அளவுள்ள, சற்று அமிலத்தன்மையான நீரில் முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும், இயல்பில் அவை காரத்தன்மை கொண்டவை. ஊறிய கட்டியிலிருந்து மிகை நீரை வடியவிடுவதும் முக்கியம். வேர்முளைக்கு நீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும்.

ஒரு வாரத்துக்குப் பின் கீழ் இலைகள் மெல்ல மஞ்சளித்தால் பதற வேண்டாம். துண்டம் தன் பழைய இலைகளிலிருந்து நைதரசனை எடுத்துச் செலவிடுகிறது. பெரும்பாலும் அடுத்த சில நாட்களில் வேர் தென்படும். அந்த நேரத்தில் பசளையைக் கூடுதலாக ஊற்றுவதுதான் கெடுதல்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒரே தாய்ச்செடியின் துண்டங்கள் மட்டும் தொடர்ந்து தோற்றால், தாய்ச்செடியைச் சந்தேகிக்க வேண்டும். நைதரசன் மிகையாகக் கொடுக்கப்பட்ட செடியும், ஏற்கெனவே பூக்கத் தொடங்கிய செடியும் வேர்விடத் தாமதிக்கும், அவற்றைச் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது ஹொப் லேட்டன்ற் வைரோயிட். பியர் தயாரிக்கப் பயன்படும் ஹொப் கொடியில் முன்பே அறியப்பட்டிருந்த, வைரசைவிடவும் சிறிய இந்த நோய் நுண்காரணி கஞ்சாச் செடியிலும் இருப்பது 2019இல் கலிபோர்னியாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. தண்டு எளிதில் முறிதல், வளர்ச்சி குன்றல், பூக்களில் பிசின் குறைதல், துண்டங்கள் வேர்விடாமை ஆகியவை அதன் அறிகுறிகள். பல செடிகள் வெளியே எதையும் காட்டாமலே அதைச் சுமக்கும் என்பதுதான் கொடுமை. ஆய்வுகூடச் சோதனையே உறுதியான வழி. வெட்டும் அலகின் மூலமே அது அதிகம் பரவுகிறது. கத்தியை அற்ககோலால் துடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். அற்ககோல் பங்கசையும் பற்றீரியாவையும் கொல்லும், வைரோயிட்டைச் செயலிழக்கச் செய்யாது. ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் என்று கலந்து, ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையே அலகை அதில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். தொற்றுள்ள தாய்ச்செடியை எந்த வேரூக்கியும் மீட்காது. வீட்டில் வளர்ப்பவர் அதை அகற்றிவிட்டு, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் புதிய விதை வாங்கித் தொடங்குவதே நல்லது.

ஆகவே ஸ்ரிம்-ரூட் இலக்கம் 1ஐ நலமான தாய்ச்செடியும் வெப்பப் பாயும் மூடியுள்ள தட்டும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்; அவர்களுக்கு அது வேரை விரைவுபடுத்தி, எண்ணிக்கையையும் கூட்டித் தரும். இவற்றில் எதுவுமே இல்லாமல் தூளை மட்டும் வாங்க நினைப்பவர், அந்தப் பணத்தை முதலில் வெப்பப் பாயில் போடுவது மேல். வாங்கிய போத்தலை ஈரமான குளியலறையிலோ வெயில் படும் யன்னலோரத்திலோ வைக்காமல், இறுக மூடிக் குளிர்ந்த இருளான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாதவாறு வையுங்கள். வாங்கிய திகதியை மூடியிலேயே எழுதிவைத்து, கட்டிபட்ட தூளைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.