மீட்டிங்குக்கு ‘நம்ம டீம்’, பணம் கேட்டால் ‘வெளி வெண்டர்’

ஃப்ரீலான்ஸாக மொழிபெயர்ப்பு, டிசைன், வாய்ஸ் ஓவர் செய்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். சென்னையில் ஒரு இ-லேர்னிங் நிறுவனத்துக்குப் பள்ளிப் பாடங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இன்னும் பணம் முழுதாக வரவில்லை.

வேலை தொடங்கிய அன்றே கம்பெனி மெயில் ஐடி கொடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு மீட்டிங். ஊருக்குப் போவதென்றால்கூட மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "நீங்களும் நம்ம டீம்தானே மேடம்" என்பார்கள். ஆனால் பேசிய கூலி வார்த்தைக் கணக்குக்குத்தான். மீட்டிங்கில் போகும் நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது.

இன்வாய்ஸ் போட்டதும் பேச்சு மாறியது. முதலில், வெண்டர் கோட் (வெளியாளுக்குப் பணம் கொடுக்க அவர்கள் கணக்கில் போடும் எண்) இன்னும் உருவாகவில்லை என்றார்கள். அப்புறம், பிஓ (வேலைக்கு நிறுவனம் கொடுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் இல்லாத இன்வாய்ஸை ஃபினான்ஸில் எடுக்க மாட்டார்களாம். அந்த பிஓவைத் தர வேண்டியதே அவர்கள்தான். கடைசியாக, "க்ளையன்ட் எங்களுக்கே இன்னும் பணம் போடலை மேடம்." விடாமல் கேட்டபோது ஒருநாள் மெயில் ஐடியை முடக்கிவிட்டார்கள். நான் ஃபைல் அனுப்பியது, அவர்கள் ‘அப்ரூவ்ட்’ என்று பதில் போட்டது எல்லாம் அதில்தான் இருந்தன. ஒவ்வொரு டெலிவரியையும் என் சொந்த ஜிமெயிலுக்கும் சிசி போடும் வழக்கம் இருந்ததால் ஆதாரம் கையில் இருக்கிறது. நீங்களும் கட்டாயம் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. பணம் கொடுத்த ஒரே ஒரு இன்வாய்ஸிலும் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தார்கள். காலாண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் தேதி தாண்டியும் என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அந்தத் தொகை ஏறவில்லை. என் பெயரில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் வைத்திருப்பது சாதாரணத் தாமதம் இல்லை. யார் டிடிஎஸ் பிடித்தாலும் 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்கள், டிடிஎஸ் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு உத்யம் பதிவு (சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு) ஏற்கெனவே இருந்தது. ஆதாரும் பேனும் இருந்தால் போதும், பதிவு இலவசம். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட பின் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. க்ளையன்ட் பணம் தரவில்லை என்பது இதற்கெல்லாம் சாக்கு ஆகாது. வருமான வரிச் சட்டத்திலும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு தாண்டி நிற்கும் இப்படிப்பட்ட பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். இதை 43பி(எச்) என்ற பிரிவு எண்ணோடு மெயிலில் எழுதிய பிறகுதான் ஃபினான்ஸிலிருந்து முதல் போன் வந்தது.

பாதிப் பணம் வந்திருக்கிறது. மீதிக்கு வட்டியோடு சேர்த்து, சிறு தொழில்களின் பாக்கிப் புகார்களுக்கான அரசின் எம்எஸ்எம்இ சமாதான் தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். இ-லேர்னிங் வேலை ஒன்றை ஒப்புக்கொள்ளப் போகிறவர்கள், இதே இடமா என்று சந்தேகம் இருந்தால் என்னிடம் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.