லைசென்ஸ் முடக்கத்தில் ஓட்டிய வழக்குக்குப் பிறகு கார் இன்சூரன்ஸ்: டர்பனில் என் ஐந்து வருடம்

இந்த பாலிசியை 2020 ஆகஸ்டில் எடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு பெரிய க்ளெய்ம், ஒரு கார் மாற்றம், வருடா வருடம் ரினியூவல் என்று எல்லாம் பார்த்துவிட்டேன். என் நிலைமையில் இருப்பவர்கள் வெளியே கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

2018-ல் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டேன். தென்னாப்பிரிக்காவில் சாதாரண ஓட்டுநருக்கு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால்தான் எல்லை. முதல் தடவை என்றாலும் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம். அது முடியச் சில வாரம் இருக்கும்போது 2019 தைப்பூசம் வந்தது. மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்று நானே வண்டியை எடுத்தேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஹிக்கின்சன் ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் மெட்ரோ போலீஸ் நிறுத்தினார்கள். மாமியார் பால்குடத்தை மடியில் வைத்தபடி பின் சீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். ஜூனில் தீர்ப்பு: அபராதம், மேலும் ஒரு வருட முடக்கம். செய்தது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அந்த ஒரு வருடம் மனைவிதான் ஓட்டினாள், பாலிசியும் அவள் பெயரில் இருந்தது. சிக்கல் லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகுதான் தொடங்கியது. "அப்படியே அக்கா பேர்லயே விட்டுடுங்க மாமா, யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் மச்சினன். ஆனால் தினமும் வேலைக்கு வண்டி ஓட்டுவது நான். இங்கே கம்பெனிகள் 'ரெகுலர் டிரைவர் யார்' என்றுதான் கேட்கும். அங்கே வேறு பெயரைச் சொன்னால், நாளைக்கு விபத்து என்று வரும்போது க்ளெய்மை மறுக்க அது ஒன்றே போதும்.

இன்சூரன்ஸே வேண்டாம் என்றவர்களும் உண்டு. நம் ஊரில் கட்டாயமாக இருக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கானது) இங்கே சட்டப்படி கட்டாயம் இல்லை. பெட்ரோல் விலையிலேயே ஒரு பங்கு சாலை விபத்து நிதிக்குப் போகிறது, அது ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும். அடுத்தவர் காரை இடித்தால் நம் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். என் கார் வேறு வங்கிக் கடனில் இருந்தது. கடன் தீரும்வரை காம்ப்ரிஹென்சிவ் (நம் காரின் சேதத்தையும் சேர்த்த முழு கவர்) இருந்தாக வேண்டும் என்று வங்கி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

போனில் கேட்ட முதல் இரண்டு கம்பெனியும் மறுத்துவிட்டன. மூன்றாவதாகக் கோயிலில் பழக்கமான ஒரு புரோக்கர் அண்ணனிடம் போனேன், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். "தம்பி, எல்லாத்தையும் நீயே சொல்லிடு. கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லு" என்றார். இன்னொரு கம்பெனிக்கு போன் செய்து லவுட் ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மறுமுனையில் பேசிய கம்பெனிப் பெண் தண்டனை பற்றிக் கேட்டதும் இரண்டு வழக்கையும் தேதியோடு சொன்னேன். முன்பு என் பெயரில் இருந்த பாலிசியைப் பழைய கம்பெனி ரத்து செய்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் விலை வந்தது: முன்பு மாதம் 860 ராண்ட் கட்டியவனுக்கு 1,980. எக்ஸஸ், அதாவது க்ளெய்மில் நம் கையிலிருந்து போகும் பங்கு, 12,500. டிராக்கர் கட்டாயம், இரவில் கேட்டுக்குள் நிறுத்த வேண்டும். வலித்தது. ஆனால் சரி என்றேன்.

அந்த அழைப்பு பதிவான அழைப்பு. அதன் அருமை 2022 ஏப்ரலில்தான் தெரிந்தது. டர்பனைச் சுற்றி 400-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் கொண்டுபோன வெள்ளம் அது. அன்று கார் இசிப்பிங்கோவில் மாமியார் வீட்டு முற்றத்துக்குள் நின்றது. காலையில் பார்த்தால் சீட் வரைக்கும் சேறு, டேஷ்போர்டு இடுக்கில் வாழைச் சருகு. க்ளெய்ம் போட்டதும் அவர்கள் முதலில் செய்தது 2020 அழைப்பை எடுத்துக் கேட்டதுதான். நான் சொன்னதும் வழக்குப் பதிவும் ஒன்றாக இருந்தன. மூன்று வாரத்தில் வங்கிக் கடனை அடைத்தார்கள், எக்ஸஸ் போக மிச்சம் என் கணக்குக்கு வந்தது. தேர்ட் பார்ட்டி, தீ, திருட்டு மட்டும் எடுத்திருந்தால் வெள்ளத்துக்கு ஒரு ராண்ட் வந்திருக்காது.

அதே வெள்ளத்தில் வண்டி போன ஒரு நண்பருக்கு க்ளெய்ம் மறுக்கப்பட்டது. பழைய தண்டனையை மறைத்திருந்தார். ஆறு வருடம் கட்டிய பணம். மறுப்புக் கடிதம் வந்தால் 90 நாளுக்குள் கம்பெனிக்கே எழுதி ஆட்சேபிக்கலாம், அதற்குப் பிறகும் தீராவிட்டால் கம்பெனி மீதான புகாரை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். அவரும் போனார். ஆனால் பதிவில் அவர் குரலே 'இல்லை' என்று சொல்லியிருந்தது.

இன்னொன்று: கலவரச் சேதத்தைச் சாதாரண பாலிசி தராது, அதற்கு அரசின் சாஸ்ரியா கவர் தனி. 2021 ஜூலையில் இந்த ஊர் எரிந்ததைப் பார்த்தவர்கள் அந்த கவர் பாலிசியில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். மாதத்துக்குச் சில ராண்ட்தான்.

பிரீமியம் தானாகக் குறையாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் நானே போன் செய்து கேட்டேன். 2023-ல் 1,610 ஆனது. இந்த வருடம் என் கம்பெனி கேட்ட கேள்வி, 'கடந்த ஐந்து வருடத்தில் தண்டனை உண்டா?' என் கடைசித் தண்டனை 2019 ஜூன். முதல் முறையாக 'இல்லை' என்று உண்மையாகவே சொல்ல முடிந்தது. இப்போது 1,240, எக்ஸஸ் 6,000.

குற்றப் பதிவு மட்டும் இன்னும் இருக்கிறது. சிறிய அபராதத்தோடு முடிந்த வழக்கை நீக்கக் கேட்பதற்கே பத்து வருடம் ஆக வேண்டும். 2029-ல் நீதித்துறைக்கு விண்ணப்பம் போடுவேன். தீர்ப்பு நகலைப் பாலிசிக் காகிதங்களோடு அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.