தோள் எலும்பு முறிவு: வெறும் கம்பியா, வெளிச்சட்டத்தில் பூட்டிய கம்பியா, ஷான்ஸ் ஸ்க்ரூவா?

மேற்கை எலும்பின் கழுத்து (தோள் மூட்டில் பொருந்தும் உருண்டைத் தலைக்குச் சற்றுக் கீழே) முறிந்தால் எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. துண்டு 1 செ.மீ.க்கு மேல் விலகியிருக்கிறதா, 45 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கிறதா என்பது 1970-இல் சார்லஸ் நீர் (Neer) என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் வகுத்த அளவுகோல். அதைத் தாண்டிய முறிவுகளிலும் பல, ஸ்லிங் போட்டாலே கூடிவிடும். பெரிதாகத் திறக்காமல் தோல் வழியே நிறுத்துவது என்று முடிவான பிறகுதான் இந்த ஒப்பீடு.

வெறும் கே-ஒயர் (எலும்பில் செருகும் மெல்லிய எஃகுக் கம்பி) வேகமாக முடியும். 2.5 மி.மீ. கம்பிகள் மூன்று நான்கு, கீழ்ப்பக்கவாட்டிலிருந்து தலைக்குள் ஏறும்; நுனி மூட்டுப் பரப்புக்கு 5 முதல் 10 மி.மீ. முன்பே நிற்கவேண்டும். இதன் பலவீனம் வெளிமுனையில் இருக்கிறது. அதை எதுவும் பிடித்திருக்கவில்லை. தோளை மூடியிருக்கும் டெல்டாயிட் தசை இழுக்கும்போதெல்லாம் கம்பி ஆடும். எலும்பு மெலிந்தவர்களுக்குச் சீக்கிரம் தளரும். தளர்ந்த கம்பி வெளியே வந்தால் பிழைத்தோம், உள்ளே போனால் ஆபத்து: மார்புக்கூட்டுக்குள் நகர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆகவே நுனியில் மரை உள்ள கம்பிதான் வேண்டும். முதல் சில வாரங்கள் வாரம் ஒரு எக்ஸ்ரே கட்டாயம். கை மூன்று வாரமாவது அசையாமல் இருப்பதால் தோள் இறுகும்.

அதே கம்பிகளின் வெளிமுனைகளை கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) போட்டு, உடலுக்கு வெளியே உள்ள ஒரு ராடில் (உலோகத் தண்டில்) பூட்டினால் நிலைமை மாறுகிறது. கம்பி நகர வழியில்லை, தலை சுழல்வதும் அடங்கும், கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் ஊசல் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கலாம். எலும்பு ஓரளவு நன்றாக இருக்கும் இரண்டு துண்டு முறிவுக்கு எங்கள் தேர்வு இதுதான். ஆனால் கம்பிகளை இணையாகச் செருகினால் பூட்டியும் பலனில்லை. தலை அவற்றின் வழியே சறுக்கும். வெவ்வேறு தளங்களில் விரிந்து போகவேண்டும். வீக்கத்துக்கு இடம்விட்டு, தோலுக்கும் கிளாம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. கம்பியைச் சுற்றித் தோல் கூடாரம்போல் இழுபட்டிருந்தால் மேசையிலேயே பிளேடால் கீறி விடுவியுங்கள். விட்டால் தோல் அழுகிச் சீழ் வைக்கும்.

திறந்த காயத்துக்கும், முறிவு எலும்பின் நடுத்தண்டுவரை இறங்கியதற்கும் 4 அல்லது 5 மி.மீ. ஷான்ஸ் ஸ்க்ரூ (வெளிச்சட்டத்தில் பூட்டும், மரையுள்ள தடித்த கம்பி) பொருந்தும். தண்டில் பிடி அருமை. தலையின் பஞ்சு எலும்பில் அவ்வளவு இல்லை. தடித்த ஸ்க்ரூ டெல்டாயிட்டைத் துளைப்பதால் கசிவும் கூடுதல். அக்ரோமியன் (தோளின் உச்சி எலும்பு) விளிம்புக்குக் கீழே 5 முதல் 7 செ.மீ.க்குள் அக்சிலரி நரம்பு ஓடுகிறது. தண்டின் பக்கவாட்டில் கீழே இறங்கினால் ரேடியல் நரம்பு. சின்னக் கீறல், எலும்புவரை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) தசையை விலக்கல், ஸ்லீவ் (காப்புக் குழாய்) வழியே மட்டும் துளை. டிரில்லை மெதுவாக ஓட்டிச் சலைன் விடவேண்டும்; சூட்டில் கருகிய எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்காது.

உட்புறக் கால்கார் (தலையைக் கீழிருந்து தாங்கும் கெட்டியான எலும்புப் பகுதி) நொறுங்கியிருந்தால் மூன்றுமே ஏமாற்றும், தலை உள்பக்கம் சாயும். அங்கே லாக்கிங் பிளேட்டே (ஸ்க்ரூக்கள் தகட்டிலேயே பூட்டிக்கொள்ளும் உலோகத் தகடே) மேல். தலை சரிந்தால் அதன் ஸ்க்ரூக்களும் மூட்டுக்குள் நீட்டும் என்பதை மறக்கக்கூடாது.

கம்பிகளை 4 முதல் 6 வாரத்தில் புறநோயாளிப் பிரிவிலேயே எடுத்துவிடலாம். இடையில் கம்பியடியில் சிவந்து கசிந்தாலும் கம்பி இறுக்கமாக இருந்தால் சலைனால் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் கொடுத்துக் காக்கலாம். ஆடுகிற கம்பியை அன்றே எடுக்கவேண்டும். எடுத்ததும் எக்ஸ்ரே பார்த்து, மிச்சக் கம்பிகள் தலையைத் தாங்குகின்றனவா என்று முடிவுசெய்யுங்கள்.